ரெய்னோசாவில் ஒருத்தி

வாஷிங்டன்
18 ஏப்ரல் 1993

அன்புள்ள எமில்,

நான் சுகம். உன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது, ஜாய்ஸுக்கு இருமல் நின்றதா என்று எழுது. நோன்பு வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் மீன் பொரித்துக்கொண்டு நின்றே முதுகைக் கெடுத்துக்கொண்டாய் என்று ஜாய்ஸ் ஈஸ்டர் வாழ்த்தில் எழுதியிருந்தாள். அந்த வாழ்த்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருந்தது: டிரெஸ்லர் மோட்டார் ஆலையில் கம்பிச் சுருள் சுற்றும் வைண்டிங் பிரிவை மெக்ஸிகோவுக்கு மாற்றப் போகிறார்களாம். இருமலைப் பற்றி நான்கு வரி, இதைப் பற்றி ஒரு வரி. உன்னைப் போனில் பேசவைக்க முடியாது என்பதால் எழுதிக் கேட்கிறேன். உண்மையா?

கேட்பதற்கு இரண்டு காரணம். நீ என் தம்பி, அந்த ஆலையில் இத்தனை வருடமாக மெஷின் செட்டிங் பார்ப்பவன். இரண்டாவது என் வேலை. மூன்று நாட்டு வணிக ஒப்பந்தம் இந்த வருடக் கடைசிக்குள் பிரதிநிதிகள் சபைக்கு வந்துவிடும். நான் வேலை பார்க்கும் சபை உறுப்பினர் ஹாலரனின் துணைக்குழு இலையுதிர்காலத்தில் சாட்சிகளை அழைத்து விசாரிக்கப் போகிறது. அவர் ஒப்பந்தத்தை எதிர்ப்பவர். அவருக்குக் குறிப்புகள் எழுதிக்கொடுப்பவள் நான். என் மேசையில் ஒரு பக்கம் இந்த ஒப்பந்தத்தால் வேலைகள் பெருகும் என்று நிரூபிக்கும் ஆய்வுகள் கிடக்கின்றன, இன்னொரு பக்கம் வேலைகள் போகும் என்று நிரூபிக்கும் ஆய்வுகள். யார் பணம் கொடுத்தார்கள் என்று முதல் பக்கத்தின் அடியில் பார்த்தால் முடிவைப் படிக்கவே வேண்டாம். நம் தரப்பு ஆய்வுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை நீ பார்த்தபடி எழுது.

பிரியமுள்ள,
வெர்னா


வெஸ்ட் லோரிங், ஓஹியோ
2 மே 1993

அன்புள்ள அக்கா,

முதுகு பரவாயில்லை. ஜாய்ஸ் இருமுவதை நிறுத்திவிட்டாள், என்னைத் திட்டுவதை நிறுத்தவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

உண்மைதான். துணி துவைக்கும் மெஷினுக்குப் போகிற மோட்டார் முழுவதும் இனி மெக்ஸிகோவின் ரெய்னோசாவில். ஜூனில் மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். அங்கே புதிதாக எடுக்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க செட்டிங் ஆட்கள் சில வாரம் வரவேண்டும் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. போகிறவர்களுக்கு இங்கே மீதமுள்ள பிரிவில் வேலை நீடிக்குமாம்.

போன வியாழன் யூனியன் கூட்டம். அந்த மண்டபத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தலைவர் கிளைட் மேடாக்ஸை உனக்குத் தெரியும், குரல் லாரி ஹாரன் மாதிரி இருக்கும்.

“நம்ம கழுத்துக்குக் கயிறு. அதை நாமளே திரிச்சுக் குடுக்கணுமாம். யாருய்யா போறீங்க?” என்றார்.

பின்னாலிருந்து ஒருவன், “கிளைட்டு, அங்க பீர் சல்லிசாம்ல?” என்றான்.

“உனக்கு இங்க சும்மா குடுத்தாலே நிக்க முடியாது, உக்காரு.”

சிரித்து முடித்ததும், போக மாட்டோம் என்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் கிளைட். ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது, எல்லோரும் பார்க்க எழுந்து நிற்பது. செட்டிங் ஆட்களில் மூத்தவன் நான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எழுந்தேன். அப்புறம் மண்டபமே எழுந்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சீனியாரிட்டி விதி இருப்பதால் எனக்கு உடனே ஆபத்தில்லை. என் வேலை ஒழிந்தால் எனக்குப் பிந்திச் சேர்ந்தவரின் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஆட்களுக்கு அடுத்த இடம் பேக்கிங் பிரிவில். அங்கே கடைசியாகச் சேர்ந்தவள் ரோண்டா டாக்கெட். ஜாய்ஸின் பௌலிங் குழுவில் ஆடுவாளே, இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். நான் கேட்டால் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். இன்னும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

எமில்


வாஷிங்டன்
19 மே 1993

அன்புள்ள எமில்,

ஜாய்ஸிடம் சொல், சாப்பிடுகிறேன். பெரும்பாலும் மேசையிலேயே, ஆனால் சாப்பிடுகிறேன். உங்கள் இருவரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன், பழக்கத்தால்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு ஹாலரனிடம் அதைப் பற்றிச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். முதலில் எழுந்து நின்றவன் என் தம்பி என்றதும் அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். “அவரைக் கூட்டிட்டு வாங்க வெர்னா. நமக்கு வேண்டிய சாட்சி அவர்தான்” என்றார். அக்டோபரில் நீ வரமுடியுமா?

நீ என்ன சொல்லவேண்டும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும். எல்லையில் சுவர் கட்டு என்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ரெய்னோசாவில் இருப்பவள் உன் வேலையைத் திருடவில்லை. அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பவர்கள் டிரெஸ்லரின் இயக்குநர்கள், அவளுக்குப் பேச வாய் இருக்காது என்ற நம்பிக்கையில். வணிகம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒப்பந்தத்தின் பிரதி இரண்டு டெலிபோன் டைரக்டரி கனம். காப்புரிமையை யாராவது மீறினால் என்ன செய்வது, முதலீட்டாளருக்கு நஷ்டம் வந்தால் எங்கே முறையிடுவது, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. வேலை செய்பவளைப் பற்றி முன்னுரையில் ஒரு நல்ல வாசகம். அவ்வளவுதான். எதை எழுதிவைக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள், எதை விட்டுவிடவேண்டும் என்றும்.

யோசித்து எழுது.

வெர்னா


வாஷிங்டன்
28 ஜூன் 1993

அன்புள்ள எமில்,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீ ஏரிக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறாய் என்றாள் ஜாய்ஸ். எப்போது வருவாய் என்றதற்கு, “வரும்போது வருவாரு அக்கா” என்றாள். முதுகு வலியோடு இத்தனை நாள் படகில் உட்கார்ந்திருக்கிறாயா?

சாட்சிக்கு வர விருப்பமில்லை என்றால் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடு. வருத்தப்படமாட்டேன்.

வெர்னா


வெஸ்ட் லோரிங்
21 ஜூலை 1993

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன்னைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள். முகமெல்லாம் வெயிலில் தோலுரிந்துவிட்டது.

ஆலையில் வைண்டிங் பிரிவு இப்போது வெறும் தரை. மெஷின்கள் நின்ற இடங்கள் மட்டும் பெயிண்ட் வெளுக்காமல் பச்சையாக இருக்கின்றன. நான் கியர் பிரிவில் இருக்கிறேன். ரோண்டா இன்னும் பேக்கிங்கில்தான்.

சாட்சி விஷயம் இன்னும் யோசிக்கிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும், ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டது. அங்கே ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு ஏற்கெனவே ஒரு யூனியன் இருந்ததாம். அவர்கள் சேரும் முன்பே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்ட யூனியன். அந்த ஒப்பந்தத்தை ஒருத்தியும் கண்ணால் பார்த்ததில்லை. தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை நான்கு பேரை வாசலில் நிறுத்திவிட்டார்கள். காவல்காரன் அவர்களின் முகத்தைப் பார்த்தே ஒதுக்கினானாம். அதன்பின் அவர்களுக்கு அந்த ஊரில் எந்த ஆலையிலும் வேலை இல்லை.

உங்கள் ஒப்பந்தம் வந்தால் அந்த நான்கு பேர் எங்கேயாவது போய் முறையிட முடியுமா? அல்லது நமக்கு அது சம்பந்தமில்லாததா?

ஜாய்ஸ் விசாரித்தாள்.

எமில்


வாஷிங்டன்
23 ஆகஸ்ட் 1993

அன்புள்ள எமில்,

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. உன் கேள்விக்குப் பதில் இந்த மாத நடுவில்தான் வெளியே வந்தது. அதுவரை சளியோடு அலுவலகம் வந்துகொண்டிருந்தேன். இப்போது தேவலை. உன் தோல் ஆறியிருக்கும்.

தொழிலாளர்களுக்கென்று ஒரு துணை ஒப்பந்தம் சேர்த்திருக்கிறார்கள். பத்திரிகைகள் பாராட்டுகின்றன. படித்தேன். ஒரு நாட்டு அரசு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை, குறைந்தபட்சக் கூலியை, வேலையிடப் பாதுகாப்பைத் தொடர்ந்து அமல்படுத்தாமல் விட்டால், நீண்ட படிக்கட்டு ஏறிப் போய்க் கடைசியில் அபராதம் வரை வரலாம். யூனியன் வைக்கும் உரிமை அந்தப் படிக்கட்டில் முதல் படியோடு நின்றுவிடுகிறது. அமைச்சர்கள் கூடிப் பேசுவார்கள், காபி குடிப்பார்கள். வாசலில் நிறுத்தப்பட்ட உன் நான்கு பெண்களுக்குக் கிடைப்பது அதுதான். நமக்கும் அது சம்பந்தம் உள்ளதுதான், எமில். அவர்கள் கூலி பேச முடியாத இடத்தின் கூலியோடுதான் வெஸ்ட் லோரிங் போட்டிபோடவேண்டும்.

இதைச் சபையில் விளக்க நான் மாதக்கணக்கில் முயல்கிறேன். யாருக்கும் புரிவதில்லை. பார்த்தவர் ஒருவர் சொன்னால் புரியும்.

ஏரிக்கரையில் மெக்ஸிகோப் பெண்கள் யூனியன் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கமாட்டேன். செப்டம்பர் முதல் திங்களன்று, தொழிலாளர் தினத்துக்கு, வீட்டுக்கு வருகிறேன். உருளைக்கிழங்கு சாலட் நான் செய்கிறேன் என்று ஜாய்ஸிடம் சொல்.

வெர்னா


வெஸ்ட் லோரிங்
17 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்கா,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? மீதி சாலட்டை நாலு நாள் சாப்பிட்டோம்.

அன்று சமையலறையில் நான் சொன்னதையெல்லாம் நீ பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாய். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து நின்று சத்தியம் செய்துவிட்டு ஐந்து வாரம் ரெய்னோசா போய்வந்தேன். ரோண்டாவின் இடத்தைக் கேட்க வாய் வரவில்லை, போனால் கேட்காமலே இங்கே இருக்கலாம் என்றார்கள். கம்பெனியும் வெளியே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லோருக்கும் மீன்பிடிப்பு என்றே சொல்லியிருந்தோம்.

நான் சொல்லிக்கொடுத்த பெண்களில் ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, சின்ன வயதில் டெக்ஸாஸில் வெங்காயம் பறித்து நம் மொழி கற்றவள். நான்கு பேரை வாசலில் நிறுத்திய அன்று மதியம் அவள் என்னிடம் வந்து, “நாளைக்கு நானும் வராம போயிட்டா என் மெஷினை யாருக்கும் சரியா செட் பண்ணிக் குடுக்காதீங்க” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லாவற்றையும் ஆரம்பித்தவளே அவள்தான். நான் கிளம்பும்வரை கம்பெனிக்குத் தெரியாது. அவள் பெயரை உன்னிடம் மட்டும் சொன்னேன். ஜாய்ஸுக்கும் தெரியாது.

நீ போன பிறகு யோசித்தேன். இதை வாஷிங்டனில் சொல்வதென்றால் முதலில் இங்கே சொல்லவேண்டும். இவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நேற்று யூனியன் கூட்டம். எல்லா அலுவலும் முடிந்ததும் கடைசியில் ‘பொது நலன்’ என்று ஒரு நேரம் விடுவார்கள், உனக்குத் தெரியும். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கல்யாணம், யாருடைய நாய் காணோம் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். ஒருவர் தன் அறுவைச் சிகிச்சைக்கு வந்த பூங்கொத்துக்கு நன்றி சொன்னார். அடுத்து நான் எழுந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு கிளைட், “முடிஞ்சுதா, சகோதரர் எமில்?” என்றார். கூட்டத்தில் எங்களை அப்படித்தான் அழைக்கவேண்டும் என்பது விதி. அந்தச் சொல்லை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“முடிஞ்சுது.”

“நாங்க நின்னப்ப நீதானேய்யா முன்னால நின்னே. உன் முதுகைப் பாத்துத்தானே நாங்க எந்திரிச்சோம்.”

நான் ரோண்டாவின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பேக்கிங்கில் கடைசி ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் நடுவரிசையில் எழுந்தாள்.

“எனக்காகப் போனீங்களா?”

“உன் இடத்தைக் கேக்க வேணாம்னுதான் ரோண்டா.”

“நான் கேட்டேனா? உங்ககிட்ட வந்து அழுதேனா? நமக்குன்னு ஒரு விதி இருக்கு. அதுக்குத்தான் எங்கப்பா ஸ்ட்ரைக் பண்ணி பனியில வாசல்ல நின்னாரு. விதிப்படி நீங்க என் இடத்தை எடுத்திருந்தா நான் ஜூன்லயே வெளிய போயி நர்ஸிங் வகுப்புல சேந்திருப்பேன். முதல்ல போனவங்களுக்கு வகுப்புல இடம் இருந்துச்சு. இப்ப ஊரே வரிசையில நிக்குது. பாவம் பாக்குறதா இருந்தா வீட்டுல நாய் வளருங்க.”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நான் வாஷிங்டனில் பேசலாமா கூடாதா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கிளைட் சொன்னார்: “போயி பேசு. எங்க சார்பா இல்ல, உன் சார்பா. எங்க யூனியன் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுப் போகாதே.” அதற்குக் கைதூக்கி வாக்கெடுத்தார்கள்.

வருகிறேன் அக்கா. சாதாரணக் கோட்டுதான் போட்டுக்கொண்டு வருவேன்.

எமில்


வாஷிங்டன்
29 செப்டம்பர் 1993

அன்புள்ள எமில்,

உன் கடிதத்துக்கு இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதாக இது, விவரங்கள் மட்டும். உடம்பு நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 14, வியாழன் காலை. முந்தின நாள் பேருந்தில் வந்துவிடு, என் சோபா உனக்குப் போதும். உனக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், பிறகு கேள்விகள். எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் நீ போனதைப் பிடித்துக்கொள்வார். ஆமாம் என்று சொல். காரணம் கேட்டால் மட்டும் காரணம் சொல்.

நீ போய்வந்ததை ஹாலரனிடம் சொல்லிவிட்டேன். சாட்சிப் பட்டியலிலிருந்து உன்னை நீக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இன்னும் உற்சாகமாகிவிட்டார். “பார்த்தவரே வர்றாரு” என்றார். கதை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதால், பெயரும் ஊரும் உள்ள ஒரு பெண் இருக்கிறாள், அது எனக்குத் தெரியும் என்று உறுதி சொல்லியிருக்கிறேன். பெயரைச் சொல்லவில்லை.

ரோண்டா சொன்னதைப் பற்றி நிறைய யோசிக்கிறேன்.

வெர்னா


வெஸ்ட் லோரிங்
6 அக்டோபர் 1993

அக்கா,

இருவரும் சுகம். இதை அவசரமாக எழுதுகிறேன்.

அவள் பெயர் உனக்குத் தெரியும் என்று ஹாலரனிடம் ஏன் சொன்னாய்? நான் கிளம்பும்போது அவள் அந்த மெஷினில்தான் இருந்தாள். அந்த விசாரணை மண்டபத்தில் அவள் பெயர் விழுந்தால் அதே வாரம் வாசலில் அவளை நிறுத்துவார்கள். அதைத் தடுக்க உங்கள் ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியதே நீதான்.

பெயர் வராது என்றால் மட்டும் வருகிறேன். 12-க்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

எமில்


வெஸ்ட் லோரிங்
20 அக்டோபர் 1993

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இரவுப் பேருந்தில் நேரே மண்டபத்துக்கு வந்ததால் உன்னோடு முன்பே பேச முடியவில்லை; முடிந்ததும் என்னை வழியனுப்ப நீ பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஜாய்ஸ் பயப்படுகிறாள், அதனால் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா?

அன்று நடந்தது என் நாற்காலியிலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்.

ஐந்து நிமிடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்புக்காரர் கேட்டார், “ஆக, அவங்களுக்கு வேலை சொல்லிக் குடுத்தது நீங்கதான்?” ஆமாம் என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று பார்த்தேன்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன, மிஸ்டர் கோஸ்டெல்னிக்?”

“சொல்ல முடியாதுங்க.”

“தெரியாதா?”

“தெரியும். அவ இன்னும் உள்ளதான் வேலை பாத்துக்கிட்டிருப்பா.”

“போக மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவர் ஒருத்தர், பேரே இல்லாத ஒருத்தி சொன்னதைச் சொல்றாரு. இதை நாங்க எப்படிப் பதிவு பண்றது?”

பின்வரிசையில் சிரிப்பு. ஹாலரனின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அவர் நம் தரப்பு, என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார். நாற்காலியைத் திருப்பி, பின்னால் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார்: “பேரு நம்ம அலுவலகத்துக்குத் தெரியும். வெர்னா, பேரைச் சொல்லிடுங்க. பதிவாகட்டும்.”

நீ எழுந்திருக்கவில்லை, குனிந்து உன் பேப்பர்களை அடுக்கினாய். பிறகு நிமிர்ந்து, “இல்லைங்க. எங்கிட்ட அப்படி எந்தப் பேரும் இல்ல” என்றாய். அவர் உன்னை ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள், சோள விவசாயி ஒருவரை.

என் கடிதம் உனக்குக் கிடைத்திருந்ததா? உனக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லையே? எழுது.

எமில்


வாஷிங்டன்
22 நவம்பர் 1993

அன்புள்ள எமில், ஜாய்ஸ்,

இந்தத் தாமதத்துக்கு உடல்நலம் காரணமில்லை. தூங்குகிறேன், நடக்கிறேன், உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

சபையில் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, பத்திரிகையில் பார்த்திருப்பாய். நான் மேல்மாடத்தில் நின்று பார்த்தேன்.

உன் கடிதம் 12-ஆம் தேதி கிடைத்தது. அன்று மாலையே ஹாலரன் அறைக்குப் போய், பெயரை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். “சரி, பாக்கலாம்” என்றார். இத்தனை வருடத்தில் அவருடைய ‘பாக்கலாம்’ எனக்குப் பழக்கம். அப்போதே உனக்குப் போன் செய்து வராதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ வந்து பேசவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன்.

மறுநாள் அவர் கத்தவில்லை. “உங்களை நம்பித்தானே மைக்குல கேட்டேன்” என்றார். அதில் நியாயம் இருந்தது. வருடக் கடைசியோடு என் வேலை முடிகிறது. பால்டிமோரில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்புக்குப் பொருளாதாரம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பெரிதாக்கவேண்டாம். உன் ஊரில் இதைவிட அதிகம் போகிறது.

இங்குள்ள நண்பர்கள் என்னைத் தேற்றுகிறார்கள்: ஒரு பெயர் சொல்லியிருந்தாலும் அத்தனை வாக்குகள் மாறியிருக்காதாம். அவர்கள் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை, ஏனென்றால் மாறியிருக்கும் என்று தெரிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். அவளைக் கேட்காமல் அவள் பெயரை எடுத்துச் செலவழிப்பதும், அவளைக் கேட்காமல் அந்த யூனியன் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டதும் எனக்கு ஒன்றாகவே தோன்றியது. இது நல்ல அரசியலா என்று தெரியவில்லை. ரோண்டா இங்கே இருந்தால் என்ன சொல்வாள் என்றும் யோசித்தேன். விதி இருந்திருந்தால் அக்கா தம்பி இருவரின் நல்ல மனசும் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது என்பாள். அந்த விதிக்காகத்தான் இத்தனை வருடம் உட்கார்ந்து எழுதினேன். இனி வேறு மேசையில் எழுதுவேன்.

ஜனவரிக்குப் பிறகான என் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெர்னா


வெஸ்ட் லோரிங்
16 டிசம்பர் 1993

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஜாய்ஸ் உரக்கப் படித்தாள், பாதியில் நிறுத்தி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நாங்கள் சுகம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கமாட்டோம்.

ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மார்ச் கடைசியில் கியர், பேக்கிங் எல்லாமே மூடுகிறார்கள். நானும் ரோண்டாவும் ஒரே நாளில் வெளியே போகிறோம். அவள் என் பக்கத்தில் நின்று நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தாள். “நர்ஸிங் வகுப்புக்குப் பேர் குடுத்துட்டேன். நீங்களும் குடுங்க. உங்க கை பொம்பளை நோயாளிங்களுக்கு வேணாம், ஆம்பளைங்களைத் தூக்கி உக்காரவைக்க ஆகும்” என்றாள். கொடுத்திருக்கிறேன். கிளைட் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மளிகைக்கடையில் பார்த்தால் தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீல் என்று ஒரு எஞ்சினியர், ரெய்னோசாவில் என்னோடு இருந்தவன். நல்ல பையன், கம்பெனி ஆள். புதுவருடம் கழித்துத் திரும்ப அங்கே போகிறான். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தான்.

“எமில், அங்க உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவங்க யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? யாரையாவது விசாரிச்சுட்டு வரவா?”

அவள் இன்னும் அந்த மெஷினில் இருக்கிறாளா, வாசலுக்கு வெளியே இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியே கிடையாது அக்கா. ஐந்து மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் காபியை ஆற்றிக்கொண்டு காத்திருந்தான்.

“இல்ல நீல்,” என்றேன். “எனக்கு அங்க யாரையும் தெரியாது.”

பனி வழுக்குகிறது, பார்த்து வா.

எமில்